திண்டிவனத்தில் ஏறுகிறவள்

திண்டிவனம் ஸ்டேஷனில் ஒருத்தி வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, கூடையிலிருந்து அள்ளி என் பொட்டலத்தில் போட்டாள். அந்த ஆவி முகத்தில் பட்டதும் விழுப்புரம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பி.ஏ. முடித்து, இப்போது டீச்சர் டிரெயினிங்கும் படிக்கிறேன். இந்தத் திரும்பல் மட்டும் நிற்கவில்லை. நீ வரும் வண்டி அந்தப் பக்கமிருந்துதானே வரும்.

மெட்ராஸ் காலேஜில் நம் முதல் பரீட்சை. எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. படிப்பென்றால் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வது என்றே நம்பியிருந்தேன். சரித்திரப் பாடம் முழுவதும் வாயில் இருந்தது. கேள்வியோ பாடத்தின் நடுவிலிருந்து வந்தது. முதல் வரியிலிருந்து முணுமுணுத்து அந்த இடத்தை எட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. "பெயிலானா மூட்டையக் கட்டு" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார். யாரிடமும் பேசக் கூசுகிற நான், ஹாஸ்டலில் அடுத்த கட்டில்காரியான உன்னிடம் அழுதேன்.

நீ சிரித்தாய். "இன்னாடி இது? நான் விழுப்புரத்துல ஏறுறேன், நீ நடுவுல திண்டிவனத்துல ஏறுற. உன்ன மட்டும் மெட்ராஸுக்கு இட்டுக்கினு போவாம உட்டுடுதா வண்டி?"

அதன் பிறகு ஒவ்வொரு லீவு முடிந்து திரும்பும்போதும் பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் பிடித்துவைத்து, ஜன்னலில் கையை ஆட்டுவாய். மடியில் மல்லாட்டை. என் புத்தகத்தைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து எதையாவது கேட்பாய். "புக்கு மாதிரி பேசாதடி. எங்கம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு." சரியாகச் சொன்னால் எனக்கு ஒரு கை. தப்பாகச் சொன்னால் என் கண்ணெதிரே நீயே உரித்துத் தின்பாய்.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின லீவு முடிந்தது. வண்டி வந்து நின்றது. ஜன்னலில் உன் கை இல்லை. பக்கத்துப் பெட்டியிலிருந்து உன் அப்பா இறங்கி வந்தார்.

"ஹாஸ்டல்ல இருக்கற அவ டிரங்குப் பொட்டிய எடுத்தாரப் போறேம்மா."

"ஏன், அவ வரலீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். "வெஷ ஜுரம்மா. போயிட்டா."

கார்டு விசில் ஊதினார். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு அம்மாள் கூடையை வைத்தாள். "எடுங்க, ஆள் வருது" என்று சொல்லிவிட்டேன்.

பரீட்சையில் தாளைப் பிரித்தேன். ஒரு பாடத்துக்கும் முதல் வரி வரவில்லை. மூட்டையைக் கட்டச் சொன்ன அப்பாதான் கண்ணில் நின்றார். பிறகு ஏதோ ஒரு கேள்விக்கு, பாடத்தின் நடுவிலிருந்தே, உன் அம்மாவுக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தேன். பாஸானேன்.

இதோ வண்டி கிளம்பிவிட்டது. வாங்கிய மல்லாட்டை மடியில் இருக்கிறது. புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நடுவிலிருந்து ஒரு கேள்வி. ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் உரிப்பேன்.