புகையில் கறுத்த அட்டைகள்

இன்று பரணிலிருந்து விதைப்பூண்டு இறக்கினேன். புகையேறிய அந்த வாசனை மூக்கில் பட்டதும் உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. போயும் போயும் என்னை நம்பினாயே.

மதுரைக் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். சூடானிலிருந்து வந்த நீ என்னைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசினாய். விடுமுறைக்குக் கொடைக்கானல் மலையில் எங்கள் வில்பட்டிக்கு வந்தால், இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் அடுப்படியை விட்டு நகர மாட்டாய். அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பூண்டை அண்ணாந்து பார்த்து, "இப்படிப் புகையிலயே கெடந்தா கெட்டுப் போகாதாம்மா?" என்று ஒருநாள் கேட்டாய். "புகை பட்டாத்தாம்ப்பா கெடாம கெடக்கும்" என்றாள் அம்மா. அதை நானும் மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பிறகு உன் நாட்டில் நைல் கரையில் ஓர் அருங்காட்சியகத்தில் உனக்கு வேலை. அங்கிருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை, அதில் ஒட்டிய படம், கீழே உன் குண்டு கையெழுத்து. சர்க்கரை நோயால் மங்கிய கண்ணுக்கு வைத்தியம் பார்க்க மதுரை வந்தபோது அந்த அட்டைகளின் மறுபிரதியை மூட்டையாகக் கட்டி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாய். "எங்க ஊரு நெலவரம் சரியில்ல மாப்ள. இது ஒன்கிட்ட கெடக்கட்டும். வெரசா ஸ்கேன் பண்ணி அனுப்பிரு" என்றாய். மேலாக இருந்த ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாய். உள்ளங்கையளவு மண் பசு, இடக்கொம்பு பாதி, வயிற்றில் ஒரு சின்ன விரல் பதிந்த பள்ளம். "ஏதோ பிள்ள வெளையாடச் செஞ்சது. நாலாயிரம் வருசமா அந்த வெரலு அப்படியே இருக்கு" என்று சொல்லி நீ சிரித்தாய்.

இந்த மலை ஈரத்தில் பீரோவுக்குள் வைத்த துணியே பூஞ்சணம் பூத்துவிடும். அதனால் உன் மூட்டையைப் பரணில் பூண்டோடு கட்டித் தொங்கவிட்டேன். "காயிதத்துக்குப் புகை ஆகுமாடா?" என்று அம்மா கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். கொடைக்கானல் டவுனுக்குப் போனால் ஒரே நாளில் முடிகிற சோலி. களையெடுப்பு, மழை, அறுப்பு என்று தள்ளிக்கொண்டே போனேன். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பண்ணிரலாம் மாப்ள" என்றேன்.

அங்கே சண்டை வெடித்தது. மாதக்கணக்கில் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. "மியூசியத்துல பாதிய ஒடச்சுட்டாக. மிச்சத்த லாரியில ஏத்திட்டுப் போயிட்டாக. ஆபீசையும் கொளுத்திட்டாக, அசல் அட்டையெல்லாம் போச்சு. ஒன்கிட்ட இருக்க அட்டைய மட்டும் பத்திரமா வச்சுக்க மாப்ள, அத வச்சுத்தான் களவு போனத மீட்கணும்." பரண் ஏறிக்கூடப் பார்க்காமல் "பத்திரமா கெடக்கு" என்று பதில் போட்டேன். ஊரெங்கும் இன்சுலின் கிடைக்காமல் நீ இறந்துபோனதைப் பிறகு உன் தங்கை சொன்னாள். என் வார்த்தையை நம்பியே போயிருப்பாய்.

கெய்ரோவுக்குத் தப்பிய உன் அலுவலக நண்பர் படங்கள் கேட்டு எழுதிய பிறகுதான் மூட்டையை இறக்கினேன். படங்கள் கரிப்பிசின் ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் உரிந்து வந்தன. எழுத்து மட்டும் அங்கங்கே தெரிந்தது. அதைப் படித்து அனுப்பினேன். "மண் பசு என்று மட்டும் இருந்தால், திருட்டுச் சந்தையில் எந்தப் பசுவை எங்களுடையது என்று கேட்பது?" என்று எழுதினார்.

உன் ஊரில் துப்பாக்கி எடுத்தவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. ஓர் அடுப்பும் என் சோம்பலும் போதுமாயிருந்தன.

அந்தப் பசுவை மட்டும் நினைவிலிருந்து வரைந்து அனுப்பினேன், பாதிக் கொம்போடு, விரல் பள்ளத்தோடு. நன்றி சொல்லிவிட்டு, "அடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். என்னிடம் அடுத்தது இல்லை. மூட்டையைக் கொண்டுவந்த அன்றைக்கு நீ, "இன்னும் ரெண்டு பாக்குறியா மாப்ள?" என்று அட்டைகளை என் பக்கம் நீட்டினாய். "பூண்டு வண்டி வந்துரும், அப்புறம் பாப்போம்" என்று நான் எழுந்து போனேன்.