தேய்த்துக் கழுவிய குளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பூவிழி வணக்கத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? இண்டூரில் மழை உண்டா? அம்மா இல்லாத வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கிலாந்தில் நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர், தவளையும் தும்பியும் தானாக வந்து சேரட்டும் என்று சென்ற ஆண்டு தோட்டத்தில் சின்னக் குளம் வெட்டச் சொன்னார். வெட்டி, ஓரத்தில் கோரையும் நடுவில் அல்லியும் நட்டேன். போன வாரம் அதில் கறுப்புப் புள்ளிகளோடு கொழகொழவென்று ஏதோ மிதந்தது. “தொட்டியில பாசி புடிக்க வுடாத கண்ணு” என்று அம்மா சொல்லுமே, அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டி, கற்களைக்கூடத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

அது தவளை முட்டையாம்.

பெரியவர் திட்டவில்லை. அடுத்த வருஷம் வரும் என்றார். அவருக்குத் தொண்ணூறு வயது. எனக்கு அழுகை வரவில்லை. அம்மா போன செய்தி வந்த அன்றும் வரவில்லை.

பாலக்கோட்டு அறிவழகன் அடுத்த மாதம் ஊரிலிருந்து இங்கே திரும்புகிறான். கொஞ்சம் புளி கொடுத்தனுப்புங்கள். அம்மா கட்டி அவிழ்த்த சேலை எங்காவது சுருண்டு கிடந்தால் அதையும் கொடுங்கள்.

பெரியவர் கூப்பிடுகிறார், போகிறேன். சேலையைத் துவைத்துவிடாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
பூவிழி