தெச்சிக் கம்பும் குடைக்கம்பியும்

மஸ்கட்

அன்புள்ள பிரிஜாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

தெச்சிப்பூக் கம்புகள் வேர் பிடித்துவிட்டன! இந்தத் தடவை நட்ட இருநூற்றில் நூற்றெழுபத்தாறு! முதல் தடவை, வேர் விட வைக்கும் ஹார்மோன் பொடியில் தொட்டு நட்ட அத்தனையும் கருகிப்போயின. நர்சரி சூப்பர்வைசர் என்னைத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மாற்றப் பார்த்தார்; அதை உன்னிடம் சொல்லவில்லை. நீதான் போனில் கேட்டாய்: "குழி குத்தாம சொருகினா பொடியெல்லாம் மண்ணுல உரசிப் போயிராதா? பிச்சிக் கம்பு நட நான் குடைக்கம்பி வச்சுக் குத்துறத நீங்க பாத்ததே இல்லியா?"

மழையே இல்லாத ஊரில் குடைக்கு எங்கே போவேன்? ஹேங்கர் கம்பியை நிமிர்த்திக் குத்தினேன். நேற்று சூப்பர்வைசரே ஒரு கம்பைப் பிடுங்கிப் பார்த்தார். விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். யார் சொல்லித் தந்தது என்றார். "என் பெண்டாட்டி பிரிஜா" என்றேன், சத்தமாக. இப்போது அந்தக் கம்பிக்கே பிரிஜா என்று பெயர்.

இந்தக் கடிதத்தோடு லீவில் வரும் இரணியல் அனிஷிடமே, அவன் திரும்பும்போது உன் குடைக்கம்பியைக் கொடுத்துவிடு. புதிது வேண்டாம், உன் கை பட்டதுதான் வேண்டும்.

வேலைக்குக் கிளம்ப வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். "பிரிஜா எங்கே?" என்று ஆளாளுக்குக் கூவுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் "தோவாளையில்" என்று வாய்வரை வந்துவிடுகிறது.

உன்
வினோஜ்