இடப்பக்கம் திரும்பாத கழுத்து

மார்ச் 4, செவ்வாய்

கழுத்து இன்று சுத்தமாகத் திரும்பவில்லை. சட்டைக் காலரை மடித்துவிடவே மகள் வர வேண்டியிருந்தது. "உங்க வீம்புதாம்பா கழுத்துல ஏறி உக்காந்திருக்கு" என்கிறாள். வாயாடி.

கடைக்குப் போனேன். அப்பா விட்டுப்போன தையல் கடை. இடப்பக்கத்து மெஷினில் தம்பி. அவனும் கடையை விடவில்லை, நானும் விடவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பக்கம் நான் திரும்பியதில்லை. இனி நினைத்தாலும் முடியாது போலிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

எலும்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் விடவில்லை. டீப் டிஷ்யூ மசாஜ் செய்கிற ஓர் அம்மாளிடம் இழுத்துப்போனாள். எண்ணெய் தடவி நீவிவிடுவார் என்று நினைத்தேன். முதலில் கேள்விதான் வந்தது.

"ஐயா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

இல்லை என்றேன். பிறகு தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே முழங்கையை ஊன்றி, அவசரமே இல்லாமல் நகர்த்தினார். தோலுக்குக் கீழே, அடித்தசையில், கோலிக்குண்டு மாதிரி முடிச்சுகள்.

"தாங்க முடியலன்னா சொல்லிடுங்க."

சொல்வேனா நான்?

"இடப்பக்கம் யாரு ஐயா?"

"சுவரு."

"சுவரைப் பாக்கப் பிடிக்காம யாரும் கழுத்தை இப்படி இறுக்கிக்க மாட்டாங்க."

மார்ச் 7, வெள்ளி

அடித்துப்போட்ட மாதிரி வலி. ஓரிரு நாள் இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் விடியும்வரை தூங்கினேன். எத்தனை மாதமாயிற்று!

மார்ச் 13, வியாழன்

டேப் வைத்து அளந்தேன். இடப்பக்கம் திரும்பினால் தாடைக்கும் தோள் நுனிக்கும் போன வாரம் ஏழே முக்கால் அங்குலம். இன்று ஆறரை.

"கழுத்து சரியானா முதல்ல என்ன செய்வீங்க?" என்றார் அந்த அம்மாள். பதிலை இங்கே எழுதுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது கோட்டு தைத்தோம். அத்தனையிலும் கை இரண்டு அங்குலம் குட்டை. தலைமையாசிரியர் முன்னால், "அளவு எடுத்தது அண்ணன்தான் சார்" என்றானே தம்பி! வெட்டியது யார்? பழைய கோட்டுகளைப் பிரித்துப் பிரித்துத் நானாகவே கோட்டுத் தையல் கற்றவன். என் அளவு ஒரு நூல் தப்பியதில்லை. அன்றிலிருந்து அவன் பக்கம் திரும்பவில்லை.

அவன் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். வேறு பக்கம் பார்த்து முணுமுணுத்தால் அது பழி தீர்த்ததாகுமா?

மார்ச் 20, வியாழன்

ஐந்தரை.

மார்ச் 27, வியாழன்

நாலரை. வலப்பக்கமும் அவ்வளவுதான். பின்மண்டையில் இருந்த வலியும் போய்விட்டது. "இனி மாசம் ஒரு தடவை போதும், பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். விடுவேனா? கண்ணாடி முன்னால் நின்று செய்கிறேன். கூடவே முறைப்பதற்கும் பயிற்சி.

மார்ச் 29, சனி

திரும்பினேன்.

தம்பிக்குத் தலை முழுக்க வெள்ளை. எப்போது ஆயிற்று? சரி, எனக்கென்ன.

"அந்தக் கோட்டுக் கையெல்லாம் வெட்டினது யாருடா?"

மெஷினை நிறுத்தினான். "நான்தான்."

"என்னது?"

"நான்தாண்ணே. மடிப்புக்குத் துணி விட மறந்துட்டேன். மறுநாளே ஒத்துக்கலாம்னு இருந்தேன். நீ திரும்பினாத்தானே."

இவ்வளவுதானா? படுபாவி, ஒரு வார்த்தை மறுத்திருக்கக் கூடாதா? பதினோரு வருடமாகத் தீட்டி வைத்ததை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

"முணுமுணுத்தா ஆச்சா? தெருவுக்கே கேக்கணும், சொல்லு!"

வாசலுக்குப் போய்க் கத்தினான். "தப்பா வெட்டினது நான்தான்! அண்ணன் எடுத்த அளவு சரி!"

எதிர்ச் சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எந்தக் கோட்டுப்பா?"

ஒருவருக்கும் ஞாபகமில்லை!

மார்ச் 31, திங்கள்

மன்னிக்கவில்லை. அவன் தைத்த காலர் கோணல் என்றேன். என் மூக்குக்கண்ணாடிதான் கோணல் என்றான். மத்தியானம் வரை ஓயவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

"கழுத்தை எங்கண்ணே காட்டினே? எனக்கு வலப்பக்கம் திரும்பவே மாட்டேங்குது" என்கிறான். முகவரி கேட்டான். கொடுக்கவில்லை. நாளைக்கு நானே கூட்டிப்போகிறேன். அந்த அம்மாள் முழங்கையை ஊன்றும்போது அவன் அலறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.