பேங்குக்குத் திரும்பிய கட்டணம்

நாலே நாள் கல்லூரிக்குப் போன என் படிப்பாளி மகளுக்கு,

நீ கல்லூரியில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். நோட்டுக்கட்டாகத் தருவார்கள் என்று பெரிய பையோடும், காவலுக்கு உன் மாமனோடும் போனேன்.

“கடன் பணம்க்கா. உடனே நின்னுட்டதால அம்புட்டையும் பேங்குக்கே அனுப்பிருவோம். கையில குடுக்க மாட்டோம்” என்றார் கேஷியர்.

“அப்ப காவலுக்கு வந்தவன் தின்ன பரோட்டாவுக்கு யாருய்யா பொறுப்பு?” என்றேன். ஆபீசே சிரித்தது.

இன்று பேங்கில் விசாரித்தேன். கடன் கணக்கை முடித்துவிட்டார்கள். அதை அடைப்பதற்காக இனி நீ திருப்பூர் மில்லில் கிடக்க வேண்டாம்.

படிப்பை விட்டதற்காக உன்னோடு பேசமாட்டேன் என்ற உன் அப்பா, தினமும் திருப்பூர் பஸ் வரும் நேரமாகப் பார்த்துக் காய் வாங்கக் காளவாசல் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார். வீட்டில் வெண்டைக்காய் மலையாகக் குவிந்து கிடக்கிறது. வந்து தின்று தீர்த்துவிடு.

உன் அம்மா