உன் இரும்பு அரிசி

இன்று காலை ஆய்வகத்தில், சோதனைக்குப் பிறகு மிஞ்சிய நெல்லை நீராவியில் அவித்து அழித்தார்கள். ஆட்டோகிளேவ் என்கிற அந்த நீராவிக் கலனின் மூடியைத் திறந்ததும் சோறு வெந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். நீ இருந்திருந்தால் நீயும் வந்து நின்றிருப்பாய்.

அண்ணாமலை நகர் விடுதியில் ஒரே அறையில் தங்கித்தான் நாம் ஆராய்ச்சி செய்தோம். நான் நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பெண். நீ கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்தவள். இரும்புச் சத்தைச் சேர்த்து வைக்கும் சோயா மரபணு ஒன்றை நெல்லுக்குள் புகுத்துவது உன் வேலை. மீன் தின்கிற ஊரில் பிறந்தவளுக்கு அரிசியில் எதற்கு இரும்பு என்று ஒருமுறை கேட்டேன்.

"மீனு விக்கிறவ வீட்டுல மீனு எங்கடி மிஞ்சுது? நல்லதெல்லாம் கூடையில போயிடும். எங்கம்மாவுக்கு ரெண்டு தெரு நடந்தா மூச்சு வாங்குது. சோத்துலயே சத்து இருந்துட்டா யாரும் தனியா தேடிப் போவ வேணாம் இல்ல?"

விடுதியில் ரத்ததான முகாம் நடந்தபோது உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உனக்கே ரத்தம் போதாதாம். நீ சிரித்தபடி பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

அரிசியைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் ஊறவைத்தால், இரும்பு உள்ள இடம் நீலமாகும். சாதாரண அரிசியில் ஓரம்தான் நீலம். தீட்டும்போது அதுவும் தவிட்டோடு போய்விடும். உன் அரிசியில் ஒருநாள் நடுவிலும் நீலம் தெரிந்தது. நுண்ணோக்கியை விட்டு நீ நகரவே இல்லை. என்னைப் பார்க்கவும் விடவில்லை.

அந்த நெல் வெளியே போகக் கூடாது என்பது விதி. மிஞ்சியதை அவித்தபோது, "ஒரு பிடி அம்மாவுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு இருக்குடி" என்றாய். சற்று நேரம் கழித்து நீயே, "வேணாம். எங்கம்மா மேலயா சோதிச்சுப் பாக்கறது?" என்று நெல் பையை இறுக்கிக் கட்டினாய்.

கல்யாணமாகிக் கடலூருக்குப் போனாய். வயிற்றில் குழந்தை இருந்தபோது போனில், "இரும்பு மாத்திர போட்டா கொமட்டுதுடி" என்றாய். கட்டாயம் போடு என்று திட்டினேன். போடுறேன் என்றாய், போடவும் செய்தாய். ஆனாலும் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. சிதம்பரத்தில் பஸ் ஏறி நான் வந்து சேர்ந்தபோது குழந்தை இருந்தது, நீ இல்லை.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒரு அரிசி செஞ்சீங்களே, அது எங்க இருக்கும்மா?" என்று கேட்டார்.

அது இன்னும் கண்ணாடிக் குடிலுக்குள்தான் இருக்கிறது. வயலுக்கு வர அனுமதி இல்லை. அவசரப்படக் கூடாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்கே நீ கொடுக்கவில்லையே. ஆனாலும் உன்னோடு உட்கார்ந்து அந்த அரிசிச் சோற்றை ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவே இல்லை.

உன் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் கடலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனதும் அவளை மடியில் இருத்தி, ரத்தம் போதுமா என்று கண்ணின் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்ப்பேன்.

"எப்பப் பாத்தாலும் கண்ணையே நோண்டுற சித்தி" என்று உன்னைப் போலவே இழுத்துச் சொல்கிறாள்.

உள்ளே நல்ல சிவப்பாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்குகிறது.