அத்தாவின் பாங்கு

அன்புள்ள அத்தாவுக்கு, பாரிவாக்கத்திலிருந்து ராபியா ஸலாம் சொல்லி எழுதுவது. மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். இங்கே நானும் உங்கள் மருமகனும் நலம்.

பள்ளிவாசல் சத்தம் எங்கள் மாடிக்கு எட்டாது. பழைய கம்ப்யூட்டர்தான் தொழுகை நேரம் பார்த்து உங்கள் குரலில் பாங்கு சொல்லிவந்தது. போன வாரம் நேரம் தப்பிப்போனது. அதில் இன்டர்நெட் கிடையாது. புது சாப்ட்வேரை ஏற்றிவர, கம்ப்யூட்டரில் செருகியே இருந்த பென்டிரைவோடு பக்கத்து வீட்டு நிஷாவிடம் போனேன். அவளுடைய லேப்டாப் வேறு ரகம்.

“ஆன்ட்டி, இத்த அழிச்சாதான் ரெண்டு மிஷினுக்கும் ஒத்துப்போவும். உள்ள எதுனா முக்கியமா கீதா?”

“மளிகைக் கணக்குதாம்மா. நோட்டுலயும் எழுதியிருக்கேன், அழிச்சிரு.”

உங்கள் பாங்கும் அதில்தான் இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதாக நினைத்திருந்தேன்.

கவலை வேண்டாம், இப்போது நேரம் சரியாக இருக்கிறது. புது சாப்ட்வேரில் பாங்கு சொல்கிறவர் யாரோ, நல்ல குரல். நடுவில் தொண்டையைச் செருமுவதில்லை. உங்கள் மருமகன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் கேட்கிற ஒரே குரல் அதுதான்.

தம்பி ராஷித்திடம் சொல்லி இன்னொரு முறை பதிந்து அனுப்புங்கள். செருமல் வந்தால் நிறுத்த வேண்டாம்.

அஸர் தொழுகைக்கு அந்த மனிதர் கூப்பிடுகிறார், எழுந்து போகிறேன்.

உங்கள் மகள்
ராபியா